இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்

நோவா ஸ்கோஷியாவின் இந்தக் கரையில்
இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்தான்
பச்சைத் தொட்டிக்கு விடுதலை.
ஆகஸ்டில் அது நீண்ட சிறை.
மூடியைத் தூக்கினால்
உலை கொதிப்பதுபோல் அடிப்பக்கம் நெளியும்.

லோரன் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான்.
படகு இன்ஜினுக்குள் தோள்வரை கை விடுகிறவன்,
மீன் குடலை வெறுங்கையால் உருவுகிறவன்,
புழு என்றால் மட்டும்
வீட்டுக்குள் ஏதாவது வேலை வந்துவிடும்.

ஆகவே நான்தான்.
கொதிக்கக் கொதிக்க ஒரு கெட்டில் தண்ணீர்,
பின்னாலேயே வினிகர்,
மூக்கை மறந்துவிட்டு நீளக் காம்பு பிரஷ்.
தொட்டியைக் கவிழ்த்து
வெயிலுக்குக் குண்டி காட்ட வேலியோரம் வைப்பேன்.
காய்ந்ததும் அடியில் செய்தித்தாள், நாலு மடிப்பு.
போன தேர்தலின் முகங்கள்
நன்றாக உறிஞ்சும்.

ரக்கூனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை.
கொக்கி போட்ட ரப்பர்க் கயிற்றைச்
சொந்தப் பர்ஸைத் திறப்பதுபோலத் திறந்தது.
மூடிமேல் செங்கல் வைத்தேன்.
செங்கலைக் கீழே இறக்கி வைத்திருந்தது,
உடையாமல்.
அந்த மரியாதை எனக்குப் பிடித்தது.
லோரனிடம் சொல்லவில்லை.

வெல்டன் ஸ்விக்கர்தான் வேலிக்கு மேலிருந்து சொன்னார்:
"நாறப் போவதையெல்லாம் உறைய வை.
செவ்வாய் விடிகாலை எடுத்துப் போடு.
பனிக்கட்டியை எந்த ஈ மொய்க்கும்?"

அன்றிலிருந்து எங்கள் ஃப்ரீசரில்
இடப்பக்கம் சாப்பிடப் போவது,
வலப்பக்கம் சாப்பிட்டு முடித்தது.
நடுவில் ஒரு பட்டாணிப் பாக்கெட், எல்லைக் கல்.
ஒருமுறை என் தங்கை மர்னா
இடம் வலம் தெரியாமல்
ஹாடக் தலைகளைச் சூப் வைத்துவிட்டாள்.
நன்றாகத்தான் இருந்தது.

லோரனின் அப்பாவை அடக்கம் செய்தது ஒரு சனிக்கிழமை.
சர்ச் முடிந்து நாற்பத்தோரு பேர்.
அவர் சொல்லி வைத்திருந்தபடி
சிங்கி இறால், வெண்ணெய், பன்.
சீசன் முடிந்திருந்தது, கிடங்கில் கடன் சொல்லி வாங்கினோம்.
அழுதுகொண்டே ஓடு உடைத்தோம்.
வெண்ணெய் வழியும் விரல்களோடு
கட்டிக்கொள்ள முடியாமல்
முழங்கைகளால் ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டோம்.

இரவில் எண்ணினால் ஏழு பை ஓடு.
ஃப்ரீசரில் பட்டாணிக்கே இடமில்லை.
செவ்வாய்க்கு இன்னும் பத்து நாள்.

ஏழாம் நாள் புயல்.
மின்சாரம் போனது.
தொட்டியும் போனது;
தெருவில் அது உருண்ட சத்தத்தை
இடி என்று நினைத்துப் படுத்திருந்தேன்.

செவ்வாய் காலை
ஃப்ரீசர் கதவின் அடியிலிருந்து
இளஞ்சிவப்பாய் ஒரு கோடு
சமையலறையைக் கடக்கக் கிளம்பியிருந்தது.
சாலையெல்லாம் மரங்கள், குப்பை லாரி வராது
என்றது பேட்டரி ரேடியோ.

லோரன் ஒன்றும் பேசவில்லை.
ஏழு பைகளையும் தானே தூக்கினான்.
ஒன்றில் புழு இருந்தது.
நான் பார்த்தேன். அவனும் பார்த்தான்.
தள்ளுவண்டியில் ஏற்றி
துறை மேடைவரை நடந்தோம்.

நகராட்சிக்குத் தெரிய வேண்டாம்.
ஒவ்வொரு பையாகத் தண்ணீரில் கொட்டினான்.
காலிப் பையை அலசி, மடித்து,
கால்சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டான்.
சிவப்பு ஓடுகள் கொஞ்சம் மிதந்தன,
பிறகு ஒவ்வொன்றாக மனம் மாறின.
சர்ச்சில் வராத அழுகை
ஆறாவது பையில் வந்தது அவனுக்கு.
நாற்றத்தால் கண் எரிகிறது என்றான்.
சரி என்றேன்.

தொட்டி கிடைத்தது ஐந்து வீடு தள்ளி,
யாருடையதோ ஓர் ஆப்பிள் மரத்தடியில்.
இரவெல்லாம் மழை உள்ளே இறங்கித் தேய்த்திருக்கிறது.
கடையிலிருந்து வந்த நாளில்கூட
அது அப்படி இருந்ததில்லை.
தலையை உள்ளே விட்டு முகர்ந்தேன்.
ஒன்றுமே இல்லை.
மூடியில் மட்டும் சேற்றுத் தடம்,
ஐந்து விரல், சின்னக் கை.

செய்தித்தாளை மடித்து அடியில் போட்டாயிற்று.
செங்கலைத்தான்
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.